பொய்மீன் வீசுகிறவள்

மார்ச் 6, வியாழன்

கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர். கதவிடுக்கில் வாயை வைத்து, பயப்படாதீர்கள், இதோ இறக்கிவிடுகிறேன் என்றேன். நின்றால் என்ன, ஓடினால் என்ன, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றார். மோட்டார் ரூமுக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி அவரை இறக்கினேன். இதை வீட்டில் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சொன்னேன். "ம்" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் மார்பில் அறுவை செய்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அந்தக் கை வீங்குகிறது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருக்கிறாள். இவள் எதையுமே தூக்குவதில்லை. தலையைக்கூட.

மார்ச் 8

ஹால் மூலையில் அவளுடைய தூண்டில் ராடுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. துடைக்கலாம் என்று போனேன். தொடாதீங்க என்றாள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மீன்பிடிப்பதில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. இது அவள் கல்யாணத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டு வந்த பைத்தியம். மற்றவர்கள் புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் வீசுவது பெரிய பொம்மை மீன். கடையில் சுவிம்பெய்ட் என்பார்கள். வீட்டில் நான் வைத்த பெயர் பொய்மீன். ஒரு சாணுக்கு மேல் நீளம், மரத்தில் செய்து நடுவில் மூட்டு வைத்திருப்பார்கள். தண்ணீரில் இழுத்தால் உயிர் இருப்பது போலவே உடம்பை வளைத்து வளைத்து வரும். அதைப் பார்த்தால் சின்ன மீனெல்லாம் ஓடிவிடும், ரொம்பப் பெரியது மட்டும்தான் கடிக்கும். அதனால் நாள் முழுக்க வீசினாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஞாயிறு தோறும் விடியும் முன்னே தனியாகக் கிளம்பிப் போவாள், சாயங்காலம் வெறுங்கையோடு வருவாள். முகம் மட்டும் கழுவி விட்டது போல் இருக்கும். ஒன்றும் பிடிக்காதவளுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று கேலி செய்வேன்.

அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

கைக்குக் கனம் ஆகாது, அவ்வளவுதானே? கனமில்லாத ராடு ஒன்று வாங்கிவிட்டால் போகிறது. இதில் மலைக்க என்ன இருக்கிறது?

மார்ச் 11

தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். யாருக்கு என்று கேட்டார். சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். பெரிய மீன் அக்காவா? நல்லா இருக்காங்களா?

என் மனைவிக்கு ஊரில் இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். கொஞ்சம் பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த மட்டில்: ஒவ்வொரு ராடும் எவ்வளவு எடை வீசும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அக்கா வீசும் பொய்மீன் கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. லேசான ராடில் அதை மாட்டி வீசினால் ராடு பட்டென்று முறியும். அதனால் தடித்த ராடுதான் வேண்டும், ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீளம் வேண்டும், இரண்டு கையாலும் பிடித்து வீச அடிப்பிடியும் நீளமாக இருக்க வேண்டும். அப்படியானால் கனமில்லாத ராடு என்று ஒன்று கிடையாதா என்றேன். இருப்பதற்குள் லேசானது உண்டு, ஆனால் நீளமாக இருப்பதால் நுனி கீழே இழுக்கும், அந்தக் கனம் மணிக்கட்டுக்குத் தெரியும் என்றார்.

ரீல் பற்றி அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினேன், உள்ளே பல்சக்கரம் ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. ஒரு சுற்றுக்கு நூல் உருளை எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் விஷயம். வேகமாகச் சுற்றுவது வலுவில்லாமல் இருக்கும், மெதுவாகச் சுற்றுவது வலுவாக இழுக்கும். பொய்மீன் தண்ணீரை அள்ளிக்கொண்டு வருவதால் மெதுவானதுதான் சரி. மீன் ஓடினால் நூலை அளந்து விடுவதற்கு ஒரு பிரேக். எல்லாம் என் மோட்டார் ரூமில் இருப்பதுதான், உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

ராடும் ரீலும் வாங்கி வந்தேன். "இத யாரு கேட்டா?" என்றாள்.

ஆனால் நான் சமையலறைக்குப் போன பிறகு எடுத்துப் பார்த்தாள். கதவு வழியே கண்டேன். இடது கையால் பிடித்து, நுனி கீழே தொங்குவதைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டாள்.

மார்ச் 13

நுனி கீழே இழுக்கிறது என்றால் என்ன செய்வது? லிஃப்ட்காரனிடம் கேட்கிறீர்களே.

ஒரு லிஃப்டில் எட்டுப் பேர் ஏறுகிறார்கள். அத்தனை பேரையும் மோட்டார் ஒன்றும் தலையில் சுமப்பதில்லை. கேபினுக்கு எதிர்ப்பக்கம் அதே கயிற்றில் இரும்புக் கட்டிகள் தொங்குகின்றன, கவுண்டர்வெயிட். இது இறங்கினால் அது ஏறும். மோட்டாருக்கு மிச்சம் இருப்பது சின்ன வித்தியாசம்தான்.

ராடின் அடியிலும் ஒரு கவுண்டர்வெயிட் வைத்தால் நுனி தானாக எழும். எழுந்தே ஆக வேண்டும்.

மார்ச் 15

பட்டறையில் பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து, அடிப்பிடியின் உள்ளே சொருகி, மேலே ரப்பர் மூடி போட்டேன். வெளியே ஒன்றும் தெரியாது. ரீலோடு சேர்த்து ஒரே விரலில் நிறுத்தினேன். தராசு முள் போல நின்றது. பட்டறைக்காரர் கை தட்டினார்.

வீட்டில் அவள் விரலில் வைத்தேன். அவள் விரலிலும் நின்றது. "கனமே தெரியலையே" என்றாள். சிரித்தாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சிரிக்கவில்லை. ஆனால் ராடை உடனே கீழே வைக்கவும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஏரிக்குப் போனோம். தனியாக விடக் கூடாது என்று மகள் போனிலேயே உத்தரவு போட்டிருந்தாள், வேறு ஊரில் இருந்துகொண்டு. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. படகுத்துறைக்காரர் அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அவளுடைய வழக்கமான படகை அவிழ்த்துவிட்டார். துடுப்பு நான் போட்டேன். ஒரே இடத்தில் வட்டம் அடித்தோம். பிறகு பழகிவிட்டது.

அவள் வீசினாள். இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட. சுண்டி எறிவது இல்லை. இரண்டு கையாலும் ராடைப் பின்னால் சாய்த்து, பொய்மீனின் எடை அதில் இறங்கும் வரை பொறுத்து, பிறகு முழு உடம்பாலும் அனுப்புகிறாள். உருளை மேல் கட்டைவிரல். விரலை எடுப்பது கொஞ்சம் தப்பினாலும் நூல் சிக்கிக் குருவிக்கூடு கட்டிவிடுமாம். தப்பவே இல்லை.

நிறையப் பேசினேன். வீட்டில் பேசாமல் சேர்ந்ததெல்லாம் வந்தது. குளிர்கிறதா, கை வலிக்கிறதா, டீ வேண்டுமா, அந்தப் பறவை என்ன பறவை.

மீன் இல்லை.

மார்ச் 19

லேசாகத்தான் வலிக்கிறது என்கிறாள். பழக்கம் விட்டுப்போனதால் இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஒன்று வந்தது. பொய்மீன் படகை நெருங்கும்போது அதன் பின்னால் ஒரு நிழல். முதலில் கிளையின் நிழல் என்று நினைத்தேன். பிறகு அதற்குக் கண் இருந்தது. பச்சை முதுகு, அகலமான வாய், என் தொடை கனம் இருக்கும். பொய்மீனுக்கு ஒரு முழம் பின்னால், அவசரமே இல்லாமல், கூடவே வந்தது. அவள் மூச்சு விடவில்லை. சுற்றும் வேகத்தை மட்டும் ஒரு துளி கூட்டினாள்.

நான் எழுந்து நின்று "வருது, வருது" என்று கத்தினேன். படகு ஆடியது. நிழல் திரும்பிக் கீழே போய்விட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொய்மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதன் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 26

கை வீங்கியிருக்கிறது. மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டும்.

மார்ச் 28

காய்ச்சல். கை முழங்கை வரை சிவந்து, தொட்டால் சுடுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கும் நான்தான் ஆள். இன்று அதில் ஸ்ட்ரெச்சரோடு ஏறினேன். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன உதறல். இறங்கியதும் கவனிக்க வேண்டும் என்று நினைத்தேன், பிறகு, எதுக்கு, எக்கேடு கெட்டாவது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 30

பிசியோதெரபி பெண் அந்த ராடை எடுத்து வரச் சொன்னாள். கொண்டுபோனேன். விரலில் நிறுத்திக் காட்டினேன், கூச்சமில்லாமல். அவள் வாங்கி ஓங்கினாள், வீசுவது போல. மறுபடியும் ஓங்கினாள். பிறகு அடியில் ரப்பர் மூடியைக் கழற்றி, பித்தளைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சும்மா பிடிச்சா லேசாதான் சார் இருக்கும். வீசும்போது? இந்த எடையும் சேத்து அவங்க தோள்தானே தூக்குது?"

மண்டையில் அடித்தது போல் இருந்தது. லிஃப்டில் கேபினையும் கவுண்டர்வெயிட்டையும் சேர்த்துச் சுமக்க மேலே ஓர் இரும்பு உத்தரம் இருக்கிறது. அது கட்டடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ராடுக்கு உத்தரம் எங்கே இருக்கிறது? அவள் தோள். அறுத்த பக்கத்துத் தோள். இத்தனை வருஷம் இதே வேலை பார்க்கிற முட்டாளுக்கு இது தோன்றவில்லை. ஒரு விரலில் நிற்க வைத்துவிட்டுக் கைதட்டு வாங்கினேன்.

வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "நீங்க அவ்ளோ ஆசையா செஞ்சீங்க" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 2

காய்ச்சல் விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் படம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 4

மார்பில் அறுத்து எடுத்தது திரும்ப வந்துவிட்டது. நுரையீரலில், முதுகெலும்பில். டாக்டர் படத்தை விளக்கு முன்னால் பிடித்து, இங்கே, இங்கே, இங்கே என்று பேனாவால் காட்டினார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதைத் தவிர என்ன செய்யலாம் என்று கேட்டேன். அதையே இன்னொரு தரம் சொன்னார்.

கையில் வந்த சிவப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். நான் கேட்காமலே அவர் சொன்னார். என் முகத்தில் எழுதியிருந்தது போலிருக்கிறது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று, வீட்டுக்கு எப்போது போகலாம்.

ஏப்ரல் 5

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மகளும் வந்திருக்கிறாள், இரண்டு நாள் அழுதுவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வேறு டாக்டர், வேறு ஆஸ்பத்திரி என்று போனிலேயே இருக்கிறாள். வேணாம்டி, விடு என்கிறாள் இவள். இருவருக்கும் நடுவில் நான் டீ போடுகிறேன்.

ஏப்ரல் 9

வேலைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 12

மறுபடியும் தூண்டில் கடை. இன்னும் கொஞ்சம் சின்ன பொய்மீன், பாதி எடை. அதற்கேற்ற மெல்லிய ராடு, பித்தளை கித்தளை எதுவும் இல்லாமல். கைப்பிடி மறுபக்கம் இருக்கும் ரீல், இடது கையால் வீசி வலது கையைச் சும்மா சுற்ற மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் நானே கடைக்கு வெளியே நின்று பத்திருபது தரம் ஓங்கிப் பார்த்தேன். தெருவில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கடைக்காரர் இந்தத் தடவை எதுவும் விளக்கவில்லை. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

கட்டில் மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். நாளைக்கு ஞாயிறு, ஏரிக்குப் போகலாம், நான் துடுப்புப் போடுகிறேன், இனிமேல் கத்த மாட்டேன், வாயே திறக்க மாட்டேன், நீ சும்மா—

அப்போதுதான் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நான் மீனுக்காகப் போகலைங்க. தனியா இருக்கப் போனேன். வாரத்துல அந்த ஒரு நாள்தான் யாருக்கும் எதுவும் எடுத்துக் குடுக்காம, யாருக்கும் பதில் சொல்லாம இருந்தேன். அந்தப் பெரிய பொய்மீனையே ஏன் வீசுனேன்னு நினைக்கிறீங்க? அதுலதான் ஒண்ணும் மாட்டாது. நாள் முழுக்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க, மீன்கூட. இப்ப அங்கயும் நீங்க வந்து உக்காந்துட்டீங்க."

ராடைக் கட்டிலிலிருந்து எடுத்து மூலையில் வைத்தேன்.

ஏப்ரல் 13

ஏரிக்குப் போகவில்லை.

என்ன பேச்சு அது. நான் என்ன தொந்தரவு? குடிக்கிறேனா, அடிக்கிறேனா, சம்பளத்தை எங்காவது கொண்டுபோய்க் கொட்டுகிறேனா? வீட்டில் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், இரண்டு வார்த்தை பேசுகிறேன். அதுகூடப் பேசக் கூடாதென்றால் கல்யாணம் எதுக்கு? சாகப்போகிற நேரத்தில் இதைச் சொல்லித்தான் ஆகணுமா? சொல்லாம இருந்திருக்கலாம்ல? நான் பாட்டுக்கு ஒரு நினைப்புல இருந்துட்டுப் போயிருப்பேன்ல?

சாகப்போகிற என்று எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 14

அவளுக்குச் சூப் கொடுத்தேன். போதும் என்றாள். இன்னும் இரண்டு கரண்டி என்றேன். குடித்தாள். போதும் என்றால் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் தெரிந்ததில்லையோ?

ஏப்ரல் 17

முதுகு வலிக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பகலெல்லாம் தூக்கம். விழித்திருக்கும்போது நான் பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு பேச்சுதான் போலிருக்கிறது. "என்ன?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லன்னா ஏன் என்னையே பாக்கறீங்க?"

எழுந்து போய்ப் பால்கனியில் நின்றேன். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்க்காமல் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்ப்பதற்கு இனி எவ்வளவு நாள் இருக்கிறது?

ஏப்ரல் 21

மகள் கிளம்பிப் போனாள், திரும்பி வர டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு. வாசலில் என் தோளில் முகத்தை வைத்து இப்போதுதான் அழுதாள். அப்பா, அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்றேன். நான் பார்த்துக்கொள்வதுதான் பிரச்சினை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 24

காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். பக்கத்தில் உட்காராமல் வாசல்படியிலிருந்தே கேட்டேன், இத்தனை நாளும் தேடிய வார்த்தைகளை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போறியா? நான் படகுல ஏறல.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நெஜமாவா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு சந்தோஷம். நான் கூட வரவில்லை என்பதற்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படகுத்துறைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. இந்த நிலையில் தனியாக விடலாமா சார் என்றார். ஏதாவது ஆகிவிட்டால்? ஆகட்டும் என்று சொல்ல முடியுமா? கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவரைக்கும்தான் விடுவேன் என்று அடம்பிடித்து, கடைசியில் துறைக்கு எதிரே, மேட்டிலிருந்து தெரியும் இடத்தோடு நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. மிதவைச் சட்டையை அவரே மாட்டிவிட்டார். முதுகுக்குத் தலையணை வைத்தேன். எல்லா ராடையும் எடுத்து வந்திருந்தேன், காட்டினேன், எது வேண்டும் என்று. பழைய ராடைக் கேட்டாள், அன்று தொடாதீங்க என்று அவள் சொன்ன அந்தத் தடித்ததை, அந்தப் பெரிய பொய்மீனோடு. கனமாச்சே என்று வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

துடுப்பை அவள் கைக்கெட்ட வைத்துவிட்டுப் படகைத் தள்ளிவிட்டேன். அது போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் ஏரிக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து உட்கார்ந்தேன். லாரி போகிறது, சைக்கிள் போகிறது. மேட்டு விளிம்பில் நின்று படகுத்துறைக்காரர் பார்த்துக்கொள்கிறார், அது அவர் வேலை. பொய்மீன் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது, பெரிய கல் விழுந்தது போல. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். அதற்கப்புறம் சத்தமே இல்லை. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

படகுத்துறைக்காரர் பெஞ்சுக்கு வந்தார். "ராட கீழ வெச்சுட்டாங்க சார். சும்மாதான் உக்காந்திருக்காங்க. கூப்பிடவா?"

வேண்டாம் என்றேன்.

"அழறாங்களான்னு தெரியல. இல்ல, சிரிக்கிறாங்களான்னும் தெரியல. தூரமா இருக்கு."

அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். எழுந்து, சாலைப் பக்கமாகவே நாலடி நடந்து, திரும்ப வந்து அதே மாதிரி உட்கார்ந்தேன். இனிமேல் இப்படித்தான் இருக்கப் பழக வேண்டும், அவள் எங்கோ, நான் எங்கோ. இன்றைக்காவது அவள் எங்கே என்று தெரிகிறது.

இன்னும் எவ்வளவு நேரம் சார் என்று அவர் கேட்டார். "அவளா வர்ற வரைக்கும்" என்றேன். வெயில் இறங்கிவிட்டது. அவர் துறையில் விளக்கைப் போடப் போயிருக்கிறார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.